கப்பலில் ஒரு ஓட்டை

"ஓட்டைக் கப்பல்ல வேல பாக்குறவனுக்கா எம்பொண்ணக் குடுக்கச் சொல்ற?"

திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த அம்மாள் கேட்டார். மடியில் மார்க்கெட்டில் விற்றுத் தீர்ந்த மல்லிகைக் கூடை. வரன் கொண்டுவந்த தம்பி பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அது ஓட்டை இல்ல. கடலுக்கடியில போர் போடுற கப்பல். நடுவுல கெணறு மாதிரி தொறந்து விட்டுருப்பாங்க, அது வழியாத்தான் கொழாய எறக்குவாங்க. மூன்பூல்னு பேரு."

"தண்ணி ஏறி கப்பலு முங்கிராது?"

"சுத்தியும் கடல் மட்டத்துக்கு மேல செவுரு இருக்குக்கா. தண்ணி அதத் தாண்டாது."

"எம்மக போன்ல ஒரு படம் காட்டுனா. அந்த ஓட்டை வழியாத்தான் பூதம் ஒண்ணு வந்து ஆளத் தூக்கிட்டுப் போச்சு."

"படத்துல கெணத்துல இருந்து பேயுந்தான் வருது. அதுக்காக நாம தோட்டத்துக்குத் தண்ணி எறைக்காமயா இருக்கோம்?"

"நம்ம கெணத்துல எங்கடா தண்ணி இருக்கு, எறைக்க?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், வாசற்படி ஏறுமுன் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். சின்னாளப்பட்டி தாண்டியதும் அம்மாள் குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஏன்டா, அந்தக் கப்பல் கெணறு கோடையில வத்துமா?"

"கடலுக்கா அது. எங்குட்டு வத்தும்?"

"வத்தாத கெணறுன்னு மொதல்லயே சொல்றதுக்கு என்னடா கேடு? ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரச் சொல்லு."