குழாயில் ஒரு கீறல்

எங்கள் வீட்டில் பழுதான சாமான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. மிக்ஸி, தையல் மெஷின், பங்குக் கோயிலின் மைக் செட் எல்லாம் என் கைக்குத்தான் வரும். இருதயநாதன் வாத்தியாரிடம் கொடுத்தால் ஓடிவிடும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். திண்டிவனத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டர் பாடம் எடுத்தவன் நான். மாணவர்களுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மெஷினை ஓட்டிப் பாருங்கள், தன் குறையை அதுவே சொல்லிவிடும்.

ஓய்வு பெற்றதும் காணைப் பக்கம் இரண்டு ஏக்கரில் கரும்பு போட்டேன். பன்றிகள் புகுந்து பாதியைச் சாய்த்துவிட்டுப் போயின. பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலியில் கரண்ட் விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். மனிதர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் வீட்டிலேயே ஒரு துப்பாக்கி செய்தேன். லைசென்ஸ் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதன்முதலாகச் செய்தது. குறை இல்லாமல் இருக்குமா? சுட்டுப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. என் கரும்புக்குக் காவல் இருந்தவன் பூமாலை. நாற்பது வயதிருக்கும். கை நடுங்காது, சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்வான்.

முதல் தடவை விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, என்ன கோளாறு என்று நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த வாரம் அவன் அதை வரப்பில் ஊன்றியபோது தானாகவே வெடித்தது. கன்னமும் ஒரு பக்கத்துப் புருவமும் கருகிவிட்டன. மருந்து வாங்கிக் கொடுத்தேன், இரண்டு நாள் லீவும் கொடுத்தேன். அதையும் எழுதி வைத்தேன். லீவை அல்ல, கோளாறை.

அதன் பிறகு அவனுக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"நீங்களே ஒரு தபா சுட்டுப் பாருங்களேன் சார். இது எம்மேல கோவமா இருக்கறாப்பல இருக்குது" என்றான்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு பூமாலை. குறி பாக்க முடியாது. உன் கைதான் நிக்கும்."

சிரித்துவிட்டான். அவனைப் பாராட்ட வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் பதினான்காம் தேதி மத்தியானம் மொட்டைமாடியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழாயில் ஒரு கீறல் தெரிந்தது. தலைமுடியைவிட மெல்லியது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நிலத்துக்குப் போனோம். துப்பாக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மோட்டார் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்தும் சத்தம் நன்றாகக் கேட்கும். சத்தத்தை வைத்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம்.

"சுடட்டுமா சார்?" என்று கேட்டான்.

"சுடு" என்றேன்.

நான் எதிர்பார்த்த இடத்தில்தான் பிளந்திருந்தது. முதலில் துண்டுகளைப் பொறுக்கினேன். நான்கு துண்டு. ஒன்று வாய்க்காலில் விழுந்துவிட்டதால் தேடக் கொஞ்ச நேரமானது. அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பூமாலைக்கு அதுவரை நினைவு இருந்தது. "ஒண்ணும் தெரியலியே சார், எங்க இருக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டான்.

வண்டி கிளம்பும் முன்பே அவன் மனைவி சின்னபொண்ணு ஓடிவந்துவிட்டாள். மோட்டார் ஸ்டார்ட்டர் வெடித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாய்க்காலைப் பார்த்தாள்.

"மோட்டாரு ஓடிக்கினு இருக்குதே சார். தண்ணி வந்துக்கினு இருக்குதே."

நான் அதை யோசிக்கவில்லை. அன்றைக்கு நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அவள் சொல்லித்தான் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. 'அக்டோபர் 14: குழாயில் கீறல். தாங்குமா? நாளை பார்க்க வேண்டும்.' என் கையெழுத்துதான். கீறல் இருப்பது தெரிந்துதான் அவன் கையில் கொடுத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டான். அதற்குக் கீழே 'தாங்கவில்லை' என்று எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள். அதை அன்று சாயங்காலம் எழுதினேன்.

பூமாலை மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. வருகிற ஞாயிறு பூசையில் அவன் ஆன்மாவுக்காகக்கூட ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன். சின்னபொண்ணு என்னைக் கொலைகாரன் என்று சொல்கிறாளாம். படிக்காதவள், விட்டுவிடலாம். நீங்கள் படித்தவர், கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள் சார். அந்தத் துப்பாக்கியை நான் பிடித்திருந்தால், கோளாறு எங்கே என்று பார்ப்பதற்கு யார் மிச்சம் இருந்திருப்பார்கள்?