தண்ணி டேங்குக்கு அடியில் ஒரு கோடு

ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறி எதிரே உட்கார்ந்த அம்மாள், பட்டன் தேய்ந்த பழைய போனைத் தோழியிடம் காட்டிச் சொன்னார்: "என் பொண்ணுக்கு வரன் அமைஞ்சதே இந்த டப்பாவாலதான்க்கா."

நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டேன்.

"போனாலயா? எப்படிடீ?"

"எங்க ஆபீஸ் கேட்டுல கேமரா இருக்கற போனை உள்ள விடமாட்டாங்க. இந்தப் பழசுக்கு இப்போ டவரே கிடைக்கறதில்ல. தண்ணி டேங்குக்கு அடியில போய் நின்னா ஒரு கோடு வரும். என்னை மாதிரி பழைய போன் வெச்சிருக்கறவங்க எல்லாரும் மத்தியானம் அங்க நின்னுதான் கத்துவோம்."

"சரி, வரன்?"

"பக்கத்துல நின்னு கத்தறவர் ஸ்டோர்ஸ் செக்‌ஷன் சார். மல்காஜ்கிரி வீட்டுல இருக்கற மாமியார்கிட்ட நான் பேசறதை மூணு வருஷமா கேட்டிருக்கார். 'சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை, ஹவ் அத்தை, ஆமா அத்தை, சரி அத்தை.' ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசினதில்லையாம். அந்த வீட்டுப் பொண்ணுதான் எனக்கு மருமகள்னு நேத்து பூ பழத்தோட வந்துட்டார்."

"உனக்கா அவ்வளவு பொறுமை?"

"பொறுமையாவது! நான் கத்தறது அங்க கேக்கும். அவங்க திட்டறதுதான் ஒரு வார்த்தைகூட இங்க வந்து சேராது."

தோழி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும். இனிமேலாவது நல்ல போனா ஒண்ணு வாங்கு."

"நக்கோக்கா, வேண்டவே வேண்டாம். பொண்ணோட சீர்ல வைக்க இதே மாடல்ல இன்னொண்ணு தேடிட்டிருக்கேன்."