லட்டுவுக்குப் பார்த்த பெண்

போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருந்தது அய்யா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் கொடுத்ததற்கும் சந்தோஷம். நான் நாய் பிடிக்கிற வண்டியில் போய்க்கொண்டிருந்த காலத்தில் மண்டபம் ஊர்க் கடைகளில் எனக்கு மட்டும் காகிதக் கப்புதான்.

டீச்சரம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். லட்டு உயிரோடுதான் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அந்த வண்டியில் வலையோடு நின்ற தவசி நான்தான். அந்த வேலையில் ஒரு காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. பிடித்தால் பிடித்ததுதான். பிறகு சட்டப்படி செய் என்றார்கள். பிடித்த நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி, இடது காதை ஒரு நறுக்கு நறுக்கி, பிடித்த தெருவிலேயே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். விட்ட நாய் என்னை நிமிர்ந்து பார்க்கும். ஒரு பிழைப்பு என்றால் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிய வேண்டாமா. அதோடு, என் மகள் முருகலட்சுமியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பொண்ணோட அய்யா என்ன வேலை பாக்குறாக?" என்று கேட்டுவிட்டு, வைத்த பஜ்ஜியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

அப்போதுதான் சேதுலட்சுமி டீச்சர் தன் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். டீச்சர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்களுக்கு நாய் பிடிக்குமா?"

"பிடிக்கும் டீச்சர்."

"லட்டு கொஞ்சம் அடம் பிடிக்கும்."

"எம்புட்டு அடம் பிடிச்சாலும் நான் பிடிப்பேன் டீச்சர்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். இதில் நான் பொய் சொன்ன இடம் எது என்று நீங்களே காட்டுங்கள்.

பழைய வலையில் ஒரு முழம் வெட்டி மடியில் வைத்திருந்தேன். பழக்கம்தான். லட்டுவை நடக்கக் கூட்டிப்போனால், தெருநாய்கள் வலையின் வாடை கண்டு வாலைச் சுருட்டி வரிசையாக உட்கார்ந்தன. ஜனம் அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டது. தெருவிலிருந்து நாயை எடுத்து வளர்த்த வீட்டுக்காரர்கள் எல்லாம், "மாஸ்டர், எங்க நாய்க்கும் கத்துக்குடுங்க" என்று கூப்பிட்டார்கள். ஒரு நாயை நான் அடித்ததில்லை, அதட்டியதில்லை. மடியைத் தொடுவேன், உட்காரும். சில நாய்கள் சோறு தின்பதையும் நிறுத்தின. அது மரியாதையின் அடுத்த படி என்று விளக்கினேன்.

கடலுக்குப் போகிற நுஃமான் ஒருத்தர்தான் முறையிட்டார்.

"ஏன் மாஸ்டர், நான் வலையத் தோள்ல போட்டு நடந்தா தெரு நாய் பூராம் உக்காந்துருதுக. நான் என்ன கலெக்டரா? கூச்சமா இருக்குய்யா."

"குடுக்குற மரியாதைய வாங்கிக்கிருங்க பாய்" என்றேன்.

மாஸ்டர் என்ற பெயர் முதுகுளத்தூர் வரைக்கும் போனது. அங்கே ஆடு வளர்க்கும் நாகேந்திரன் தன் மகனுக்கு முருகலட்சுமியைக் கேட்டு வந்தார். பஜ்ஜியையும் தின்றார்.

"ஞாயித்துக்கெழம வாரேன் சம்பந்தி. நீங்க நாய்க்குப் பாடம் சொல்ற அழகப் பாத்துட்டு, கையோட தட்ட மாத்திக்கிருவோம்."

பாடம் நடப்பது டீச்சர் வீட்டு முற்றத்தில். சிக்கலும் அங்கேதான். எல்லா நாயும் உட்காரும், லட்டு உட்காராது. அது மதுரையிலிருந்து அட்டைப்பெட்டியில் குட்டியாக வந்தது. வண்டியைக் கண்டதில்லை. வலை என்பது அதற்குக் கடித்து விளையாடுகிற கயிறு. என் மடியிலிருந்து உருவி, வாயில் கவ்விக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓடும். இது என்ன வலை என்று சம்பந்தி கேட்க மாட்டாரா. ஒரு பெண்ணின் வாழ்க்கை அய்யா.

சனிக்கிழமை டீச்சர் திருப்புல்லாணி கோயிலுக்குப் போனார். லட்டுவுக்குக் காரைக்குடியில் பெண் பார்த்திருந்தார், வெள்ளைப் பெட்டை. நல்லபடியாகக் குட்டி தங்க வேண்டும் என்று வேண்டுதல். அவர் பஸ் ஏறியதும் வலையோடு வந்தேன், இந்த முறை முழு வலை. லட்டு வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே அதற்குள் வந்து படுத்துக்கொண்டது. தெருமுனையில் பழைய கூட்டாளிகளின் வண்டி நின்றது. தெருநாய் என்று சொல்லி ஏற்றிவிட்டேன். கழுத்துப் பட்டையை முன்னதாகவே கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாடம் பிரமாதம். தட்டும் மாற்றியாயிற்று.

இப்போது வண்டி போகிற நாய் ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். லட்டுவுக்கு ஒரு குறையும் வராது. சட்டப்படி பிடித்த தெருவிலேயே கொண்டுவந்து விடுவார்கள். இடது காதில் ஒரு நறுக்கு இருக்கும். காரைக்குடிப் பெண் வீட்டாருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவது நல்லது. இனிமேல் வலையைக் கண்டால் லட்டுவும் உட்காரும். அதற்கென்று தனியாகக் கூலி கேட்க மாட்டேன்.

ஆமாம் அய்யா, நான்தான் பிடித்தேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. முதல் நாளே டீச்சர் கேட்டார், நானும் சொன்னேன், எனக்கு நாய் பிடிக்கும் என்று.