பூட்டுன்னு சொன்னது குத்தமா?

...அதெல்லாம் ஒரு ரூல்ஸா சார்? வாய நல்லா அகலமாத் திறங்க... இன்னும்... ஆங். அந்த வார்த்தைப் போட்டிக்கு ஜோடியா வரணுமாம். ஒருத்தர் வார்த்தையச் சொல்லாம குறிப்பு மட்டும் குடுக்கணுமாம், இன்னொருத்தர் கண்டுபிடிக்கணுமாம். டிவில பாத்திருப்பீங்க. பாத்திருக்கீங்க, மூஞ்சியிலயே தெரியுது. வலிக்குதா? வலிக்கல. மரத்துப் போச்சு.

கைய ஆட்டக் கூடாதாம், தலைய ஆட்டக் கூடாதாம்! எங்களுக்கு முன்னாடி ஒரு பேங்க்காரர். காலைலேர்ந்து பவுடர் பூசி உக்கார வச்சிருந்தாங்க பாவம். அவருக்கு வந்த வார்த்தை 'தூக்கம்'. குறிப்பு சொல்ல வாயத் திறந்தாரு, கொட்டாவி வந்துடுச்சு! அவரு சம்சாரம் டக்குன்னு 'தூக்கம்'னுட்டாங்க. செல்லாதுன்னுட்டாரு நடுவர். சைகையாம்! இனிமே கொட்டாவி விடவும் அந்தாளுகிட்ட மனு குடுக்கணும் போல.

நாக்க ஓரமா வைங்க... நம்ம கதைக்கு வர்றேன். என் வீட்டம்மாதான் ஆசப்பட்டு எழுதிப் போட்டா. மாசக்கணக்கா அடுப்படில நின்னு தனக்குத்தானே வார்த்தை வார்த்தையா முனகிட்டிருந்தா. கடைசி ரவுண்டு வரைக்கும் வந்துட்டோம். அவதான் பட்டு பட்டுன்னு சொன்னா, இல்லேங்கல. கடைசி வார்த்தை 'பூட்டு'. 'ஊருக்குப் போறப்ப கதவுல தொங்கும்'னேன். கண்ண மூடி யோசிச்சா. முகமெல்லாம் மலர்ந்துச்சு. வாயத் திறந்தா. 'பூட்டுன்னுதானே சொல்ல வர்றே?'ன்னு கேட்டேன். ஒரு ஒத்தாசைக்குக் கேட்டேன் சார்! பஸ்ஸர அடிச்சுட்டான் அந்தப் படுபாவி நடுவர்!

பழக்கதோஷம் சார். என்ன மாதிரி பல்லு டாக்டர்கிட்ட எவன் பதில் சொல்றான்? நானே கேட்டு நானே சொல்லிக்கறதுதான். ரூல்ஸ் எழுதுனவனுக்கு அது புரியுமா? அன்னைக்கு அவ அக்கா வீட்டுக்குப் போனவதான். நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. வீடே வெறிச்சோடிக் கிடக்கு. சோறு எறங்கல, உண்மையச் சொல்றேன். தப்பு யாரு மேல? நடுவர் மேலதான். நீங்களும் அதைத்தான் நெனைக்கிறீங்க. கைய எறக்குங்க, வலிக்கல.

இருங்க, போன்... ஐயோ, அவதான்! அவளேதான் சார்! வாய மூடிடாதீங்க. ஹலோ! நீ என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும். கோவம் போயிடுச்சு, அதானே? சாயங்காலம் வர்றேங்கற, அதானே? வா வா. என்ன? இரு, நீ சிரமப்படாத, நானே சொல்லிடறேன். தப்பு என் மேல இல்ல, உன் மேலயும் இல்ல, அந்த நடுவர்... ஹலோ? ஹலோ?

வச்சுட்டா சார். பாத்தீங்கல்ல? அவளாத்தான் கூப்பிட்டா. ஒரு வார்த்தை பேசுனாளா பாருங்க!