கொச்சிக்காவின் குரல்

ஐஸ் தண்ணீர் எனக்கு ஆகாது, மிஸ். போத்தலை அப்படியே மேசையில் வையுங்கள், குளிர் போனதும் குடிக்கிறேன். குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் தொண்டையைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிஷாந்தினிக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

உங்கள் வயதுக்காரர்களுக்குக் கொச்சிக்காவைத் தெரியாமல் இருக்காது. வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வருகிற சித்திரக்கதைப் பையன். கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் இருப்பான், பதினைந்து வயது, நீளக் காற்சட்டை கேட்டு அம்மாவோடு சண்டை பிடிப்பான். ஆள் சின்னவன், வாய் கொச்சிக்காய் மிளகாய் மாதிரி உறைப்பு, அதனால் அந்தப் பெயர். தயாபரன் அண்ணன் அவனை வரையத் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு நரை விழுந்து முழங்காலும் தேய்ந்துவிட்டது. அவனுக்கு இன்னும் மீசை அரும்பவில்லை.

வானொலியில் அவனை நாடகமாக்கியபோது குரல் கொடுத்தது நான். இதற்குப் பையன்களை நம்ப முடியாது. தொலைக்காட்சிக்காரர்கள் ஒருமுறை நிஜப் பையன் ஒருவனைப் போட்டு எடுத்தார்கள். பாதியில் அவனுக்குக் குரல் உடைந்து தவளை மாதிரிக் கத்தத் தொடங்கினான், தொடர் நின்றுபோனது. அன்று அந்தோனியார் கோயிலில் நான் மெழுகுதிரி கொளுத்தினேன்.

பூசை முடிந்து வந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து, "கொச்சிக்கா மாதிரிக் கதையுங்கோ" என்று கெஞ்சும். மீன்காரனும் என்னைக் கொச்சிக்கா என்றுதான் கூப்பிடுவான். யூஜினா என்ற பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பொம்பிளைப் பிள்ளைக்கு இந்தப் பொடியன் குரல் வேண்டாம், விட்டுவிடு என்றார்கள். மாப்பிள்ளையை விட்டேன்.

போன வருடம் அவனைப் போனில் பார்க்கிற கார்ட்டூனாக எடுக்கப் போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஸ்டூடியோ. புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தந்தது கொச்சிக்காவின் அம்மா வேடம். "அடேய் கொச்சிக்கா, சோறு ஆறுதடா." ஒரு பாகத்துக்கு இப்படி ஒன்றிரண்டு வசனம். கொச்சிக்காவுக்கு வத்தளையிலிருந்து நிஷாந்தினி என்ற பிள்ளையை எடுத்திருந்தார்கள். அவளை நான்தான் பழக்கிவிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

நல்ல பிள்ளை. அதையும் எழுதுங்கள். "உங்கட குரலைக் கேட்டுத்தான் ஆன்ட்டி நான் வளந்தனான். பிழை விட்டா ஏசுங்கோ" என்றாள். ஏச வேண்டி வரவில்லை. எள் என்றால் எண்ணெயாக நின்றாள்.

அந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கரையோர ரயில் போகும்போது சுவர் அதிரும், பதிவு செய்ய முடியாது. ஒலிப்பதிவு செய்கிற சஜீத் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்துவான். ரயில் போகும்வரை எல்லாரும் எதையாவது குடித்துக்கொண்டு இருப்போம். நான் மஞ்சளும் மிளகும் போட்ட பால் ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவேன், அவளுக்கும் ஊற்றுவேன்.

முதல் நாள் குடிப்பதற்கு முன் கேட்டாள். "கஜு, முந்திரிப் பருப்பு ஏதும் போட்டதோ ஆன்ட்டி? எனக்கு அது கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது. தொண்டை அடைச்சிடும்." பேனை மாதிரி ஒரு ஊசியைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "எனக்கு ஏதும் நடந்தா யோசிக்காம இதைத் தொடையில குத்துங்கோ, என்ன?" எப்படிக் குத்துவது என்றும் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். பிறகு ஒருநாளும் என் பாலில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை.

பிறகு தயாபரன் அண்ணன் வந்தார். பொல்லை ஊன்றிக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டார். கேட்டு அழுதார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்பதான் என்ர பொடியன் வாய் திறந்து கதைக்கிறான்" என்றார். நான் பின்னால் ஃபிளாஸ்க்கோடு நின்றேன். திரும்பி, "என்ன யூஜினா, அப்பிடியே அவன்தானே?" என்று என்னிடமே கேட்டார். ஓம் அண்ணே என்றேன்.

எனக்காக அவர் ஒரு நாளும் அழுததில்லை, மிஸ்.

வயிறெரிந்தது. மறைத்து என்ன செய்ய. அவள் சிரித்தால் எரிந்தது, தும்மாமல் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் எரிந்தது. வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவன் குரலில் பேசிப் பார்த்தேன். கொஞ்சம் கரகரத்தது. அது சளி.

அந்தச் செவ்வாய்க்கிழமை கஜுவை ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, வடித்துப் பாலில் கலந்தேன். மிளகைக் கொஞ்சம் கூடப் போட்டேன். ஸ்டூடியோவுக்குப் போனதும் அவளுடைய கைப்பையை என் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டுச் சேலை மறைக்கிற மாதிரி உட்கார்ந்தேன். ரயில் வந்தது, சஜீத் கையை உயர்த்தினான். "இண்டைக்குப் பால் நல்ல தடிப்பா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிக் கோப்பையை முழுதாகக் குடித்தாள்.

ரயில் போன பிறகு மூன்று வசனம் சொன்னாள். நான்காவது வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சஜீத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு தன் தொடையில் அடித்து அடித்துக் காட்டினாள். எனக்கு விளங்கியது.

சஜீத் ஓடிவந்து, "பேக் எங்க? ஆன்ட்டி, இவட பேக்கக் கண்டீங்களா?" என்று கத்தினான். வீட்டில் மறந்துவிட்டு வந்திருப்பாள் என்றேன். மைக் திறந்தே இருந்ததால் ஹெட்போனில் அவள் மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது, பாதியில் பிசிறடித்தது. கொச்சிக்கா இப்படி மூச்சு வாங்கமாட்டான் என்று நினைத்தேன்.

அவன் அவளைத் தூக்கி ஒரு ஆட்டோவில் போட்டுக்கொண்டு களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். போய்ச் சேருமுன் முடிந்துவிட்டதாம். பின்னேரம் அவளுடைய அடையாள அட்டையைத் தேடித் திரும்பி வந்தபோது நான் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதிரையை அங்கே இழுத்துப் போட்டிருந்தேன். "மிச்ச வசனத்த நான் சொல்லட்டே தம்பி? வேலை நிக்கக்கூடாதே" என்றேன். அவன் கதிரை முன்பு இருந்த இடத்தில், தரையில் கிடந்த பையைப் பார்த்தான். கதிரையை இழுத்த அவசரத்தில் பையை மறந்துபோனேன்.

நான்தான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. ஆனால் பொறாமையால் செய்ததாக எழுதாதீர்கள், மிஸ். வயிறெரிந்தது உண்மை, செய்தது அவனுக்காக. ஒரு பிள்ளைக்கு ஒரு தொண்டைதானே இருக்கலாம். ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் அவனை எப்படி விட்டுவிட்டுப் போவேன்.

வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். தண்ணீரும் இப்போது குளிர் விட்டிருக்கும், தாருங்கள். என் போன் உங்களிடம்தானே இருக்கிறது? இன்னும் பாதிப் பாகங்கள் பாக்கி. ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டால் தயவுசெய்து எடுங்கள். சளி விட்டுவிட்டது, யூஜினா தயார் என்று சொல்லுங்கள்.