நீலச் சம்மட்டியின் நிலவறை

ஆட்டுத்தொடைக்கு மசாலாவைச் சனிக்கிழமையே தடவிவிட வேண்டும். ஞாயிறு காலையில் தடவினால் மேலோடு நின்றுவிடும், எலும்பு வரைக்கும் இறங்காது. இதை ஏன் போலீஸ்காரியான உங்களிடம் சொல்கிறேன் என்றால், மகளே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் முன்கூட்டித் தயார் செய்தது ஆட்டுத்தொடைகளை மட்டும்தான். வேறு எந்தத் திட்டமும் என்னிடம் இல்லை.

ரேஷம் சிங்கும் நானும் பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, இந்த ஸ்மெதிக் ஊர் இரும்பு வார்ப்பாலையில் ஒரே உலையில் வெந்தவர்கள். வேலை முடிந்து தெருமுனைப் பப்புக்குப் போனால் வெள்ளையர் இல்லை என்று முன்னறையில் உட்கார விடமாட்டார்கள், பின்பக்கம் போகச் சொல்வார்கள். ஆலை மூடிய காலத்தில் நீலச் சம்மட்டி என்ற அந்தப் பப்பே விலைக்கு வந்தது. இருவர் சேமிப்பையும் போட்டு வாங்கினோம். எனக்கு ஆங்கிலம் பேச வரும், படிக்க வராது. ஆகவே பத்திரமும் உரிமமும் அவன் பெயரில் இருந்தன.

"உன் பேரு என் பேருன்னு நமக்குள்ள என்னடா இருக்கு" என்று அவன்தான் சொன்னான். நம்பினேன்.

அவன் பீர் ஊற்றினான், நான் சமைத்தேன். ஞாயிறு மதியம் சுட்ட இறைச்சிச் சாப்பாடு, அதுதான் ரோஸ்ட், கிடையாதா என்று வெள்ளைக்காரக் கிழடுகள் முனகியபோது, ஆட்டுத்தொடையில் இஞ்சி, பூண்டு, சீரகம், காய்ந்த வெந்தயக்கீரை எல்லாம் அரைத்துப் பூசிச் சுட்டெடுத்தேன். முதலில் முகம் சுளித்தவர்களே பிறகு பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். அந்தப் பப்பைத் தவிர எனக்கு வேறு பிள்ளைகுட்டி கிடையாது.

அவன் அதை விற்கப் போகிறான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. வாராவாரம் ஜன்னலோர மேசையில் சாப்பிடும் டோரீன்தான் கேட்டாள், "இங்க அடுக்குமாடி வருதாமே, நீ எங்க போவ கண்ணு?" என்று. ரேஷமிடமே கேட்டிருக்கலாம். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வாங்குபவன் வந்தான். உள்ளே இருப்பது யார் என்று என்னைக் காட்டி விசாரித்தான். சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் ஜன்னல் வழியாக ரேஷமின் பதில் எனக்குக் கேட்டது.

"அவனா? சமையல்காரன். நான் சொல்லிக்கிறேன்."

கூட்டாளி என்று சொல்லாவிட்டால் போகட்டும், சிநேகிதன் என்றாவது சொல்லியிருக்கலாம். கழுத்தறுப்பு என்பார்களே, அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆத்திரம் வந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

ஞாயிறு காலை வெங்காயம் எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். பாதிப் படியிலேயே மூக்கைக் குத்தியது, மூச்சு முட்டியது. பீரை மேலே தள்ளும் வாயு கசிந்தால் அப்படித்தான் இருக்கும். கீழேயே தேங்கி நிற்கும், ஆளைச் சாய்த்துவிடும். எச்சரிக்கை மணி கத்திக்கொண்டிருந்தது. தலைவலியாக இருந்ததால் அணைத்துவிட்டேன். ரேஷம் வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவன் வந்தான், வாய் நிறையச் சிரித்தான், வறுத்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே நானும் பேசவில்லை.

மதியம் மேசைகள் நிறைந்திருந்த நேரத்தில் பீப்பாய் தீர்ந்துபோனது. வேறு பீப்பாய் மாட்ட அவன் நிலவறைக்கு இறங்கினான். நிலவறைக் கதவு என் சமையலறையில்தான் இருக்கிறது. ரோஸ்ட்டோடு வைக்கும் மாவுப் பண்டமான யார்க்ஷயர் புட்டிங்கை அடுப்பிலிருந்து எடுக்கும் நேரம் அது. கீழேயிருந்து குளிர்காற்று பட்டால் உப்பினது அமுங்கிவிடும். கதவைச் சாத்தினேன். தாழ் போடாவிட்டால் அந்தக் கதவு நிற்காது. தாழும் போட்டேன்.

சத்தம் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. "தர்லோக், கதவத் தொறடா" என்றான். முதலில் பலமாகத் தட்டினான், பிறகு மெதுவாக, பிறகு நகத்தால் பிறாண்டினான். நான் கறி அறுத்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தட்டுகளும் வெளியே போயின. டோரீன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள், அதையும் கொடுத்தேன். அப்புறம்தான் தாழைத் திறந்தேன். படிக்கட்டின் அடியில் கிடந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கழன்று கிடந்த தலைப்பாகையை எடுத்து அவன் மார்பின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

வேண்டுமென்றே செய்தீர்களா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் ஈரமில்லாதவன் இல்லை, மகளே. வேறு யார் தட்டியிருந்தாலும் உடனே திறந்திருப்பேன்.