திரு இருதயப் படத்தின் சுவிட்ச்

ஃபாதர், எங்கள் வீட்டுப் பழைய ரவுட்டர் ஒரு தூறலைத் தாங்காது. கடலில் மேகம் கறுத்தாலே அதன் பச்சை விளக்கு கண்ணை மூடிக்கொள்ளும். கத்தாரில் இருக்கும் என் மகன் டெல்வின் ஸ்கைப்பில் வாயைத் திறந்தபடி உறைந்துபோவான். நானும் மருமகள் பிரிஜாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பிரிஜா நர்ஸ். அங்கே வேலை கிடைத்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். முதல் இன்டர்வியூவின் நடுவில் ரவுட்டர் தானாகத்தான் நின்றது. அதில் எனக்குப் பங்கில்லை. அன்று சாயங்காலம் அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் திருவிழாச் செண்டை கொட்டியது. அது சந்தோஷம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவளைத் தேற்றத் திற்பரப்புக்குக் கூட்டிப்போனேன். "மாமிக்கு இருவது வயசு கொறஞ்சு போச்சு" என்றாள் அருவிக்கடியில். சத்தியமாகக் குறைந்திருந்தது. என் வீட்டுக்காரர் இறந்தபிறகு யாரும் என் கையைப் பிடித்து நடந்ததில்லை.

டெல்வினுக்குக் கோபம். லீவில் ஊருக்கு வந்த அவன் கூட்டாளி மரியானிடம் புது ரவுட்டர் கொடுத்துவிட்டான். இரண்டு கொம்பு வைத்தது. "ஏட்டி, இடியே விழுந்தாலும் இது நிக்காது" என்று பெண்டாட்டியிடம் பீற்றினான்.

எங்கே வைப்பது என்று நான் சொல்ல வேண்டியே வரவில்லை. புதிதாக எது வந்தாலும் திரு இருதய ஆண்டவர் படத்தின் காலடியில் வைப்பதுதானே நம் வழக்கம். பிரிஜாவே வைத்தாள். படத்துக்குமுன் எரியும் சிவப்பு பல்பின் பிளக்கிலேயே சேர்த்து மாட்டினாள். அந்த சுவிட்சை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

அடுத்த இன்டர்வியூ வந்தது. "இனி பயப்படாண்டாம் மாமி. முட்டுக்குத்தி ஒரு ஜெபமால மட்டும் சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

முழங்காலில் நின்றேன். உள்ளே இங்கிலீஷில் பேசினாள். நன்றாகப் பேசினாள் ஃபாதர். அந்தப் பக்கம் யாரோ மனம்விட்டுச் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிடும் என்று எனக்கே தெரிந்துபோயிற்று. ஜெபமாலை சுற்றியிருந்த கையாலேயே சுவிட்சை அணைத்தேன். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு மறுபடி போட்டேன். நல்ல ரவுட்டர்தான், ஆனாலும் அதற்கு உயிர்வர நேரமாகும். அதற்குள் வேறொருத்தியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எனக்கு விதிச்சது இவ்வளவுதான் மாமி" என்று நேராக என் மடிக்கு வந்தாள். "நீங்களும் இல்லேன்னா நான் செத்திருப்பேன்."

"நான் எங்க போவப்போறேன் மக்கா" என்றேன்.

அவளுக்குப் பிடித்த நெத்திலி பொரித்தேன். பொரிக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

உப்புக்காற்று ரவுட்டரைத் தின்றுவிடுகிறதாம், டெல்வின் சொல்கிறான். அடுத்த இன்டர்வியூவுக்குள் இதைவிட நல்லது அனுப்புவானாம். அனுப்பட்டும். காலடியில் இடம் இருக்கிறது.

ஆண்டவரின் விளக்கை ஒரு 'அருள் நிறைந்த மரியே' நேரம் அணைத்துவிட்டேன் ஃபாதர். அதற்குத்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தேன். வேறு பாவம் எதுவும் ஞாபகத்தில் இல்லை.